பழைய வீட்டைப் பில்டரிடமே கொடுத்துவிட்டுப் புது வீட்டுக்குப் போகலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் மூன்று படுக்கையறை கொண்ட டெரஸ் வீட்டில் (வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று) 11 ஆண்டுகளாக இருக்கிறோம். அம்மா எங்களோடு வந்துவிட்டதால் கீழ்த்தளத்தில் ஓர் அறை வேண்டும். பக்கத்தில் புதிதாகக் கட்டிவரும் குடியிருப்பில் நான்கு படுக்கையறை வீடு பிடித்துவிட்டது. விலை 4,25,000 பவுண்டு. இன்னும் கூரை ஏறவில்லை, சாவி கிடைக்க ஆறு மாதம் ஆகும் என்கிறார்கள். எங்கள் பழைய வீட்டைப் பில்டரே 2,68,000-க்கு எடுத்துக்கொள்வாராம். பார்ட் எக்ஸ்சேஞ்ச். இரண்டு எஸ்டேட் ஏஜென்டுகள் 2,90,000-க்குப் போடலாம் என்றார்கள். போன வருடம் இந்த வீட்டை விற்க முயன்று, வாங்க வந்தவர் வீட்டின் நிலையைப் பரிசோதிக்கும் சர்வே முடிந்ததும் பின்வாங்கிவிட்டார்; மூன்று மாதம் வீண். மார்ட்கேஜ் (வீட்டுக் கடன்) பாக்கி 1,20,000. போன சனிக்கிழமை 500 பவுண்டு கட்டி வீட்டைப் பதிவு செய்துவிட்டோம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லாவிட்டால் பழைய வீட்டுக்கான விலை மாறலாம் என்கிறார் விற்பனைப் பெண். தலைவலி இல்லாமல் கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். 22,000 பவுண்டை ஏன் விட வேண்டும் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

பதில்: இருவருமே பழைய வீட்டின் விலையை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். புது வீட்டுக்கும் பழைய வீட்டுக்கும் நடுவே, கையிலிருந்தோ கடன் வாங்கியோ நீங்கள் போட வேண்டிய தொகை எவ்வளவு என்று பாருங்கள். உண்மையான விலை அது ஒன்றுதான். பழைய நகையைப் போட்டுப் புது நகை எடுக்கும்போதும் இதுதானே நடக்கிறது? பழைய தங்கத்துக்குத் தாராளமாக விலை போட்டவர் செய்கூலியிலும் சேதாரத்திலும் அதைத் திருப்பி எடுத்துக்கொள்வார்.

முதலில் பில்டர் இந்த 2,68,000-க்கு எப்படி வந்தார் என்று பார்ப்போம். வழக்கமாக இரண்டு மூன்று உள்ளூர் ஏஜென்டுகளையோ சர்வேயரையோ அனுப்பி உங்கள் வீட்டை மதிப்பிடச் சொல்வார்கள். நல்ல விலைக்குக் காத்திருந்தால் எவ்வளவு கிடைக்கும் என்று அவர்கள் கேட்பதில்லை. சில வாரங்களுக்குள் கைமாற வேண்டுமென்றால் என்ன விலைக்குப் போகும் என்பதுதான் கேள்வி. வீடு கைக்கு வந்த பிறகு அதைக் காலியாக வைத்திருந்து கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வரி) கட்டி, ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுத்து விற்க வேண்டும். அந்தச் செலவும் விலை இறங்கினால் வரும் நஷ்டமும் உங்களுக்குத் தரும் விலையில் முன்கூட்டியே கழிந்திருக்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, அது அவர்கள் வியாபாரம்.

ஆனால் ஒரு காரணத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். "உங்கள் வீட்டை வாங்க எங்களுக்கு ஸ்டாம்ப் டியூட்டி விழுமே" என்று யாராவது சொன்னால், பொதுவாக விழாது. பழைய வீட்டை எடுத்துக்கொண்டு புது வீடு விற்கும் கட்டுமான நிறுவனத்துக்கு அந்த வரியில் விலக்கு உண்டு. விற்பவர் கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த வீட்டைத் தன் பிரதான வீடாக வைத்து வாழ்ந்திருக்க வேண்டும், புது வீட்டிலும் அவரே குடியேற வேண்டும் என்று சில நிபந்தனைகள் இருக்கின்றன. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுக்கு அவை பொருந்தும்.

உங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. பார்ட் எக்ஸ்சேஞ்ச் என்றால் வித்தியாசத் தொகைக்கு மட்டும் ஸ்டாம்ப் டியூட்டி என்று பலர் நினைக்கிறார்கள். சட்டப்படி இவை இரண்டு தனித்தனி விற்பனைகள், நீங்கள் புது வீட்டின் முழு மதிப்புக்கும் கட்ட வேண்டும். 2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதத்தில் முதல் 1,25,000-க்கு வரி இல்லை, அடுத்த 1,25,000-க்கு 2 சதவீதம், அதற்கு மேல் 9,25,000 வரை 5 சதவீதம். உங்கள் வீட்டுக்கு 11,250 பவுண்டு வரும். இதைப் பட்ஜெட்டில் சேர்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். பில்டர் வழியில் 4,25,000-லிருந்து 2,68,000 போக நீங்கள் போட வேண்டியது 1,57,000.

இப்போது சந்தை வழி. ஏஜென்ட் சொன்ன 2,90,000 என்பது போர்டில் போடும் விலை, கைக்கு வரும் விலையில்லை. உங்கள் வீட்டை விற்கும் வேலை தனக்கே கிடைக்க வேண்டும் என்ற ஆசையும் அதில் கலந்திருக்கும். 2,83,000-க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 1.2 சதவீதம், அதன்மேல் 20 சதவீதம் வாட். சுமார் 4,075 பவுண்டு போய்விடும், மிஞ்சுவது 2,78,925. அப்புறம், பழைய வீட்டைத் தலையில் கட்டாமல் வாங்குகிறவருக்குப் பில்டர் வேறு ஏதாவது கொடுப்பார். விலையிலோ தரைவிரிப்பிலோ ஸ்டாம்ப் டியூட்டிக்கான பங்களிப்பிலோ அது 10,000 பவுண்டு என்று எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்குப் புது வீடு 4,15,000 ஆகிறது. போட வேண்டியது 1,36,075.

இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 21,000 பவுண்டு. நீங்கள் சொன்ன 22,000-க்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறது, ஆனால் வேறு வழியாக வந்திருக்கிறது. அதில் பாதி பழைய வீட்டின் விலையில் இல்லை, புது வீட்டில் நீங்கள் கேட்காமல் விட்ட தள்ளுபடியில் இருக்கிறது. இந்த 21,000-ஐக் கடனோடு கடனாகச் சேர்த்தால், 4.5 சதவீத வட்டியில் 25 ஆண்டுக்கு மாதம் சுமார் 117 பவுண்டு கூடும். மொத்தத்தில் 35,000. தலைவலி மாத்திரைக்கு இது கொஞ்சம் அதிக விலை என்றுதான் எனக்குப் படுகிறது.

இருந்தாலும் உங்கள் கணவர் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. இங்கே கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை இரு தரப்பும் மாற்றிக்கொள்ளும்வரை (எக்ஸ்சேஞ்ச் என்பது இதைத்தான்) யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. உங்கள் வீட்டை வாங்குகிறவர் தன் வீட்டை விற்க வேண்டும், அதை வாங்குகிறவர் இன்னொன்றை விற்க வேண்டும், இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் எல்லாம் போச்சு. அதைப் போன வருடமே பார்த்துவிட்டீர்கள். பில்டரிடம் கொடுத்தால் சங்கிலியே இல்லை, பார்க்க வருகிறவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டை ஒழுங்குபடுத்தி வைக்க வேண்டியதில்லை. இரண்டு வீடும் ஒரே நாளில் கைமாறும் என்பதில் இன்னொரு வசதியும் உண்டு. பழையது விற்காத நிலையில் புதியதை வாங்கினால் ஸ்டாம்ப் டியூட்டியில் கூடுதலாக 5 சதவீதம் கட்ட வேண்டும். உங்கள் விலைக்கு அது 21,250 பவுண்டு. மூன்று ஆண்டுக்குள் பழைய வீட்டை விற்றால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும்.

ஆக நிம்மதிக்கு ஒரு விலை கொடுப்பது நியாயம்தான், ஆனால் எவ்வளவு? வேறு ஊரில் வேலையில் சேர வேண்டிய தேதி நெருங்கியவரோ, விவாகரத்தில் சொத்தைப் பிரிக்க வேண்டியவரோ, பரபரப்பான சாலையோரம் விலை போகாத வீட்டை வைத்திருப்பவரோ என்னிடம் கேட்டிருந்தால் கையெழுத்துப் போடுங்கள் என்றே சொல்லியிருப்பேன். உங்களிடம் இருப்பது மூன்று படுக்கையறை டெரஸ் வீடு. முதல்முறை வாங்குகிறவர்களும் சின்னக் குடும்பங்களும் தேடுகிற ரகம். அவர்களில் பலருக்கு விற்க வேண்டிய வீடு இருக்காது, சங்கிலியும் சின்னதாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் வாங்கப்போகும் வீட்டுக்கு இன்னும் கூரையே ஏறவில்லை. ஆறு மாதம் கையில் இருக்கிறது. அவசரம் விற்பனை அலுவலகத்தின் காலண்டரில்தான் இருக்கிறது, உங்களுடையதில் இல்லை.

போன வருடம் பின்வாங்கியவரின் சர்வேயில் என்ன வந்தது என்று எழுதவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த வழியிலும் இறங்காதீர்கள். ஈரம், கூரை, பழைய வயரிங் என்று எதுவாக இருந்தாலும் அடுத்த சர்வேயரும் அதையே கண்டுபிடிப்பார், பில்டர் அனுப்புகிறவரும் கண்டுபிடிப்பார். பில்டர் சொன்ன 2,68,000-மே சர்வேக்கு உட்பட்ட விலையாக இருந்தால் அது இன்னும் இறங்கலாம். சரிசெய்ய 2,000 பவுண்டு ஆகும் கோளாறு என்றால் இப்போதே செய்துவிடுங்கள்.

இனி விற்பனை அலுவலகத்துக்குத் திரும்பப் போகும் விஷயம். போவதற்கு முன் மூன்றாவதாக ஓர் ஏஜென்டைக் கூப்பிடுங்கள். "எவ்வளவுக்குப் போடலாம்?" என்று கேட்காமல், "எட்டு வாரத்துக்குள் ஒப்புக்கொள்ள ஆள் வேண்டும், என்ன விலை?" என்று கேளுங்கள். ஏற்கனவே வந்த இருவரிடமும் அதையே கேளுங்கள். உங்கள் தெருவில் கடைசியாக விற்ற வீடுகளின் விலை அரசின் சொத்துப் பதிவேடான லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும், பக்கத்து வீட்டார் சொல்லும் விலையைவிட அது நம்பத்தக்கது. பில்டர் எடுத்த மதிப்பீடுகளின் நகலையும் கேட்டு வாங்குங்கள். மூன்று மதிப்பீட்டில் மிகக் குறைந்ததை எடுத்தாரா, சராசரியா என்பது அதில் தெரிந்துவிடும்.

பிறகு அவரிடம் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: "பார்ட் எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் வாங்கினால் இந்த வீடு எனக்கு என்ன விலை?" வீடு விற்க வேண்டும் என்று சொல்வதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, ஆனாலும் இப்போது கேட்டாலும் பதில் வரும். விலைப்பட்டியலில் உள்ள 4,25,000-ஐக் குறைக்கப் பெரும்பாலான பில்டர்கள் தயங்குவார்கள். குறைத்த விலை லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதிவாகி, அடுத்து வருகிறவரும் அதையே கேட்பார் என்ற பயம். தரைவிரிப்பு, தோட்டத்துப் புல், சமையலறைச் சாதனங்கள், சொலிசிட்டர் (வழக்கறிஞர்) கட்டணம், ஸ்டாம்ப் டியூட்டி என்று வேறு ரூபத்தில் கேட்டால் கை கொஞ்சம் நீளும். புது வீட்டில் தரை வெறும் பலகையாகவோ கான்கிரீட்டாகவோதான் இருக்கும். ஷோ ஹோமில் (மாதிரி வீட்டில்) கண்ட பளபளப்பெல்லாம் அதிகப்படி விலையில் வருவது. நான்கு படுக்கையறை வீட்டுக்குத் தரை போட்டு முடிக்கும்போது எவ்வளவு ஆகிறது என்று விசாரித்துப் பாருங்கள், கேட்பதற்குக் கூச்சம் போய்விடும். நிறுவனத்தின் நிதியாண்டோ அரையாண்டோ முடியும் மாதங்களில் அவர்களுக்கு விற்பனை எண்ணிக்கை முக்கியம். அந்தச் சமயத்தில் பேச்சு சுலபமாக இருக்கும்.

என் யோசனை இதுதான். 21,000 இடைவெளியை 10,000-க்குள் கொண்டுவர முடிந்தால் பார்ட் எக்ஸ்சேஞ்சை ஏற்றுக்கொள்ளுங்கள். போன வருட அனுபவத்துக்குப் பிறகு அந்த அளவு விலை கொடுத்து நிம்மதி வாங்குவதில் தப்பில்லை. பழைய வீட்டுக்கு 5,000 ஏற்றித் தந்து, புது வீட்டில் 6,000 மதிப்புக்குப் பொருளும் கட்டணமும் ஏற்றுக்கொண்டாலே அங்கே வந்துவிடும். மறுத்தால் நடுவழி ஒன்று இருக்கிறது. பல பெரிய பில்டர்கள் விற்பனை உதவித் திட்டம் என்று வைத்திருக்கிறார்கள். வீட்டைச் சந்தையில் போடுவார்கள், ஏஜென்ட் கமிஷனை அவர்களே கொடுப்பார்கள், குறிப்பிட்ட வாரங்கள்வரை நீங்கள் பதிவு செய்த புது வீட்டை யாருக்கும் விற்காமல் வைத்திருப்பார்கள். கட்டி முடியாத வீட்டுக்கு இது நன்றாகப் பொருந்தும். விலையை நிர்ணயிப்பதில் உங்கள் சொல்லும் எடுபட வேண்டும் என்பதை மட்டும் எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் சீக்கிரம் முடிக்க விலையை இறக்கச் சொல்லி வாராவாரம் போன் வரும். அதில் விற்காவிட்டால் பார்ட் எக்ஸ்சேஞ்சுக்குத் திரும்ப முடியுமா என்றும் கேளுங்கள். சிலர் ஒப்புக்கொள்வார்கள்.

மாதக் கடைசி என்ற கெடுவுக்குப் பயப்பட வேண்டாம். பில்டர் நியூ ஹோம்ஸ் குவாலிட்டி கோடில் (புது வீடு கட்டி விற்பவர்களுக்கான நடத்தை விதிகள்) பதிவு செய்தவரா என்று பாருங்கள். பதிவு செய்தவர் என்றால், பதிவு ஒப்பந்தம் போட்டதிலிருந்து 14 நாள் மனம் மாற அவகாசம் உண்டு, அதற்குள் விலகினால் 500 பவுண்டு முழுவதும் திரும்ப வரும். போன சனிக்கிழமைதானே கட்டினீர்கள், இன்னும் சில நாள் இருக்கிறது. அந்த நாட்களுக்குள் பேசி முடித்துவிடுங்கள். பேசும்போது அந்த வீடு எவ்வளவு பிடித்திருக்கிறது என்றோ, அம்மாவுக்கு அந்த அறை எப்படி வசதி என்றோ சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

மார்ட்கேஜ் பக்கம் இரண்டு விஷயம். இப்போதைய கடன் நிலையான வட்டிக் காலத்தில் இருந்தால், முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் விழலாம், அதே கடனைப் புது வீட்டுக்கு மாற்ற முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். மாற்றலாம் என்று விதி இருந்தாலும் வருமானத்தை மறுபடி பார்த்துத்தான் ஒப்புக்கொள்வார்கள். அடுத்தது, பில்டர் தரும் சலுகைகள் அனைத்தையும் ஒரு படிவத்தில் எழுதி வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். பார்ட் எக்ஸ்சேஞ்சும் அதில் வரும். சலுகைகள் விலையில் 5 சதவீதம்வரை இருந்தால் பெரும்பாலான வங்கிகள் பொறுத்துக்கொள்ளும், தாண்டினால் அதைக் கழித்துக்கொண்டு வீட்டுக்கு விலை போடும். உங்களுக்கு அந்த எல்லை 21,250 பவுண்டு. அதனால்தான் பழைய வீட்டுக்கு 2,90,000 தருகிறேன், புது வீட்டை 4,45,000 என்று எழுதிக்கொள்வோம் என்று யாராவது தாராளம் காட்டினால் சந்தோஷப்பட வேண்டாம். வங்கியின் மதிப்பீட்டாளர் அதை 4,20,000 என்று சொன்னால் மிச்சத்தை உங்கள் கையிலிருந்து போட வேண்டியிருக்கும்.

சொலிசிட்டரை நீங்களே பிடியுங்கள். பில்டர் கைகாட்டும் அலுவலகம் வேகமாக வேலை செய்யும், மறுப்பதற்கில்லை, ஆனால் அவர்களுக்கு வாராவாரம் வேலை தருவது யார் என்று யோசியுங்கள். வேறு ஆளை வைத்துக்கொள்ளக் கூடாது என்று பில்டர் சொல்ல முடியாது. உங்கள் சொலிசிட்டரிடம் மூன்று இடங்களைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீட்டைச் சாவி தரும் நாளுக்கு முன் மறுபடி வந்து பார்த்து விலையைக் குறைக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எங்காவது எழுதியிருக்கிறதா? ஆறு மாதத்தில் முடியாவிட்டால் நீங்கள் விலகிக்கொள்ளக் கடைசித் தேதி என்று ஒன்று இருக்கிறதா? வீடு ஃப்ரீஹோல்டாகவே (நிலத்தோடு முழுதும் உங்கள் சொந்தமாக) இருந்தாலும் குடியிருப்பின் பொதுவான சாலைகளுக்கும் பூங்காவுக்கும் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டுமா, அது ஏறுவதற்கு வரம்பு உண்டா? கடைசியாகச் சொன்னதில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள், விற்பனைப் பிரசுரத்தில் அது சின்ன எழுத்தில் இருக்கும்.

வீடு முடியும் தறுவாயில் உங்கள் சார்பில் ஒருவரை அனுப்பிக் குறைகளைப் பட்டியல் போடச் சொல்லலாம், நான் சொன்ன கோடில் சாவி வாங்குவதற்கு முன்பே அதற்கு இடம் இருக்கிறது. ஸ்னாகிங் சர்வே என்பார்கள். பில்டர்கள் வழக்கமாகத் தரும் 10 ஆண்டு வாரன்டியில் முதல் இரண்டு ஆண்டுக்குத்தான் சாதாரணக் குறைகளுக்குப் பில்டர் பொறுப்பு, பிறகு கட்டமைப்பு சார்ந்த பெரிய கோளாறுகள் மட்டும்.

கடைசியாக ஒன்று. கட்டி முடியாத வீட்டில் சாவி தரும் தேதியைப் பில்டர்தான் சொல்வார், பெரும்பாலும் பத்து வேலைநாள் முன்னறிவிப்போடு. அதே நாளில் பழைய வீட்டையும் காலி செய்து தர வேண்டும். கூடத்தில் அட்டைப்பெட்டிகளோடு, வயதான அம்மாவையும் வைத்துக்கொண்டு ஒரே நாளில் மாறுவது கஷ்டம். பழைய வீட்டில் கூடுதலாக ஒன்றிரண்டு வாரம் இருக்க விடும் பில்டர்களும் உண்டு. பேச்சு முடிந்து இரண்டு பக்கமும் இளகியிருக்கும் நேரத்தில் அதைக் கேளுங்கள், கிடைத்தால் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.